விழுப்புரம் வரை விரைவு ரயில்: எங்கே நிற்கும், யாரை ஏற்றும்?

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டமன்றத்தில் வாசித்த நிதிநிலை அறிக்கையில், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் நின்று கேட்க வேண்டிய ஓர் அறிவிப்பு இருந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 167 கிலோமீட்டர் தூரத்துக்கு, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய மண்டல விரைவுப் போக்குவரத்து ரயில் சாத்தியமா என்று ஆராயப்படும் என்றார் அவர். சென்னை - காஞ்சிபுரம் - வேலூர் (140 கி.மீ.), கோவை - திருப்பூர் - ஈரோடு - சேலம் (185 கி.மீ.) ஆகிய தடங்களும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. ஆய்வுப் பொறுப்பு சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கு.

அன்றிலிருந்து ஊரில் ஒருவர் ‘மெட்ரோ வருது’ என்கிறார், இன்னொருவர் ‘லைட் ரயில்’ என்கிறார். ‘ஆர்.ஆர்.டி.எஸ்.’ என்ற எழுத்துகளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கான வண்டி. எது எதற்கு என்று தெரிந்தால்தான், நமக்கு எது வேண்டும் என்று கேட்க முடியும்.

லைட் ரயில் என்பது பழைய டிராமின் புது வடிவம். மெட்ராஸில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. அதன் தண்டவாளத்தில் நடந்துபோனவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். இன்றைய லைட் ரயில் சிறிய பெட்டிகளோடு, சாலை மட்டத்திலோ குறுகிய தூண்கள் மேலோ ஓடும். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அடுத்த நிறுத்தம் வந்துவிடும். சிங்கப்பூரில் 1999-இல் திறந்த புக்கிட் பாஞ்சாங் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் ஆளை ஏற்றி, பெரிய ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. இந்தியாவில் மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2019-இல் ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் இதற்கான வரையறைகளை வெளியிட்டது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போக இந்த வண்டி உதவாது, தூரம் அதிகம். மெட்ரோவும் அப்படித்தான், ஒரு மாநகரத்துக்குள் சுற்றுவதற்கானது.

நமக்குச் சொல்லப்பட்டிருப்பது மூன்றாவது வகை: ஆர்.ஆர்.டி.எஸ்., அதாவது மண்டல விரைவுப் போக்குவரத்து ரயில். அதன் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரி வடக்கே இருக்கிறது. டெல்லிக்கும் மீரட்டுக்கும் இடையே 82 கி.மீ. தடம், வண்டிக்கு ‘நமோ பாரத்’ என்று பெயர். 2023 அக்டோபர் 20 அன்று சாகிபாபாத் முதல் துஹாய் வரையிலான முதல் 17 கி.மீ. திறக்கப்பட்டது. ஆறு பெட்டிகள், குளிர்சாதனம், பெண்களுக்குத் தனிப்பெட்டி, கால் மணிக்கு ஒரு வண்டி என்று தொடங்கினார்கள். இந்திய ரயில்வேயின் அகலப்பாதையில் இது ஓடாது. தனித் தண்டவாளம், தனி நிலையம், தனி டிக்கெட்.

‘160 கி.மீ. வேகம்’ என்றதும் நம் கண் அந்த எண்ணிலேயே நிற்கிறது. விழுப்புரத்துக்காரருக்கு அந்த எண் பெரிய லாபம் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் நின்று எழும்பூர் போகும் வைகை, பல்லவன் போன்ற வண்டிகள் இப்போதே இரண்டு மணி நேரம், இரண்டே கால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. புது ரயில் 167 கி.மீ. தூரத்தை, நிறுத்தங்களையும் சேர்த்து, ஒன்றே முக்கால் மணியில் கடந்தாலும் மிச்சம் கால் மணி, அரை மணி நேரம்தான். உண்மையான லாபம் வேறு. எக்ஸ்பிரஸ் வண்டி அதன் நேரத்துக்கு வரும். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஏற்கெனவே நிரம்பி வரும். முன்பதிவில்லாத பெட்டியில் வாசல்படி ஓரம் நிற்க இடம் கிடைத்தால் பாக்கியம். கால் மணிக்கு ஒரு வண்டி என்றால் அட்டவணையையே மறந்துவிட்டுக் கிளம்பலாம். சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு நோயாளியைக் கூட்டிப்போகிறவர், மதியம் நேர்காணல் முடித்துத் திரும்பும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் வண்டி இப்படி அடிக்கடி வருவதுதான் பெரிது.

திண்டிவனத்தின் கணக்கு இன்னும் கூர்மையானது. விழுப்புரம் ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன்: சென்னை, புதுச்சேரி, கடலூர் - மயிலாடுதுறை, விருத்தாசலம் - திருச்சி, திருவண்ணாமலை - காட்பாடி. புதுச்சேரிக் கிளைப் பாதை 1879-லேயே வந்துவிட்டது. ஊரே ரயிலைச் சுற்றி வளர்ந்தது. திண்டிவனமோ சாலைகளின் சந்திப்பு. செஞ்சி - திருவண்ணாமலைச் சாலை, வந்தவாசிச் சாலை, மரக்காணம் சாலை, புதுச்சேரிச் சாலை, விழுப்புரம் சாலை என்று எல்லாம் இங்கே கூடுகின்றன. ரயில் மட்டும் ஒரே தடம், அதிலும் விரைவு வண்டிகளில் பல நிற்பதில்லை. மேம்பாலத்தடியே கைக்குழந்தையோடும் கட்டைப்பையோடும் நின்று, ‘தாம்பரம்... தாம்பரம்...’ என்று கூவிக்கொண்டு வரும் பேருந்தை மறித்து ஏறுவதுதான் இந்த ஊரின் நெடுங்காலப் பழக்கம். பொங்கல், தீபாவளிக்கு மறுநாள் மாலையில் அந்த மேம்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊருக்கு ரயில் ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

புது ரயிலால் யாருக்காவது வாழ்க்கை மாறும் என்றால் திண்டிவனத்துக்காரருக்குத்தான் முதலில் மாறும். ஆனால் அது நிலையம் எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்தது.

160 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டிய வண்டி அடிக்கடி நிற்க முடியாது. வேகம் எடுப்பதற்குள் பிரேக் போட வேண்டியிருக்கும். அதனால் நிலையங்கள் ஐந்து, பத்து கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். இப்போதைய தடத்தில் செங்கல்பட்டு தாண்டிய பிறகு என்னென்ன ஊர்கள் என்று ஒரு பாசஞ்சர் பயணியைக் கேளுங்கள், மூச்சுவிடாமல் சொல்வார்: படாளம், கருங்குழி, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், தொழுப்பேடு, ஒலக்கூர், பாஞ்சாலம், திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். இதில் எத்தனை ஊருக்குப் புது நிலையம் கிடைக்கும்? அறிவிப்பில் இருப்பவை செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்ற பெயர்கள்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. மாவட்டம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அங்கே ஒரு நிறுத்தம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேரணியிலும் பாஞ்சாலத்திலும் புது வண்டி நிற்காது என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஊர்களுக்குப் பாசஞ்சர் வண்டியே கதி, அதை யாரும் தொடக்கூடாது.

மீரட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விரைவு ரயில் ஓடும் அதே தண்டவாளத்தில், நகருக்குள் மட்டும் நெருக்கமான நிறுத்தங்களோடு மீரட் மெட்ரோ என்ற குட்டி வண்டியையும் ஓட்டும்படி கட்டினார்கள். ஒரே செலவில் இரண்டு சேவை. திண்டிவனம் - விழுப்புரம் இடையிலான சுமார் 37 கி.மீ. தூரத்துக்கு அப்படி ஓர் உள்ளூர் வண்டி ஓட முடியுமா என்ற கேள்வியை ஆய்வுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். தூண் நட்ட பிறகு நிலையம் சேர்ப்பது அநேகமாக நடக்காத காரியம்.

இன்னொன்று, ஊருக்கு வெளியே நிலையம் வரும் ஆபத்து. நெடுஞ்சாலை ஓரமாகத் தூண் நட்டால் நிலம் எடுக்கும் தொல்லை குறையும், அதனால் திட்டமிடுபவர்களுக்குப் புறவழிச்சாலை மேல் ஒரு கண் இருக்கும். ஆனால் திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்குக் கிராமத்திலிருந்து வரும் மாணவியும், துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் 2021 முதல் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில்தான் வருகிறார்கள். அந்த பஸ் போய் நிற்கும் இடத்துக்கும் புது நிலையத்துக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் இருந்தால், ஷேர் ஆட்டோவுக்குப் போக வர நாற்பது ரூபாய் ஆகிவிடும். விழுப்புரத்திலும் இதே கதைதான். ஜங்ஷனை விட்டுத் தள்ளி நிலையம் கட்டினால், புதுச்சேரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து வண்டி மாறுகிறவர் மூட்டையோடு ஆட்டோ தேட வேண்டும். ஜங்ஷனோடு நடைமேம்பாலத்தால் இணைந்த நிலையம் என்பதை விழுப்புரம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கட்டணத்துக்கு வருவோம். டெல்லி நியூ அசோக் நகரிலிருந்து மீரட் சவுத் வரை 55 கி.மீ. தூரத்துக்குச் சாதாரணப் பெட்டியில் 150 ரூபாய் வைத்தார்கள். அதே விகிதத்தில் போட்டால் திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு ஒரு வழிக்கு 300 ரூபாயைத் தாண்டும். விழுப்புரத்திலிருந்து தாம்பரத்துக்குப் பாசஞ்சர் கட்டணம் முப்பது, நாற்பது ரூபாய் அளவில்தான். சென்னைக்குச் சித்தாள் வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும், செக்யூரிட்டி வேலைக்கும் போகிறவர்களால் தினம் 600 ரூபாய் எடுத்து வைக்க முடியாது. அவர்களுக்கு இந்த ரயில் கண்ணெதிரே பறக்கும் வண்டியாகவே இருந்துவிடும். தனியார் நிறுவன ஊழியர்கள் ஏறுவார்கள், அவர்கள் வீட்டு வாடகையைச் சென்னையில் கட்டாமல் திண்டிவனத்தில் குடியிருப்பார்கள், நம்மூர் மனை விலை ஏறும். நிலம் வைத்திருப்பவருக்கு நல்லது. வாடகைக்கு இருப்பவருக்கு நெருக்கடி. மாத சீசன் டிக்கெட் உண்டா, மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று முதல் நாளிலிருந்தே கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். ரயில்வேயில் சீசன் டிக்கெட்டின் உச்ச தூரம் 150 கி.மீ.; எழும்பூரிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ. அந்தப் பத்து கிலோமீட்டரால் விழுப்புரத்துக்காரருக்கு எழும்பூர் வரை சீசன் கிடைக்காது. புது ரயிலிலும் இப்படி ஒரு கோடு நம் ஊருக்கு முன்னால் விழுந்துவிடக் கூடாது.

நீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், டிசம்பர் 2 அன்று தென்மாவட்ட ரயில்கள் ஆங்காங்கே நிறுத்தப்பட்டன. இந்தப் பகுதி ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். வீடூர் அணையின் உபரி சங்கராபரணியில் இறங்கும். மண் கொட்டி மேடாக்கிப் பாதை போட்டால், ஒரு வாய்க்காலை அடைத்தாலும் மேற்கே ஒரு கிராமம் மூழ்கும். தூண் மேல் பாதை செலவு அதிகம், ஆனால் நீருக்கு வழிவிடும். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது ஊரில் நீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியும். வரைபடம் போடுகிறவர்கள் அவரைப் போய்க் கேட்க வேண்டும்.

செலவு? டெல்லி - மீரட் தடத்துக்குச் சுமார் 30,000 கோடி ரூபாய். கிலோமீட்டர் கணக்கில் பெருக்கினால் நம் தடத்துக்கு 60,000 கோடியாவது வேண்டும். சாத்தியக்கூறு ஆய்வு முடிந்து, விரிவான திட்ட அறிக்கை தயாராகி, மத்திய அரசு ஒப்புதல் தந்து, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் கடன் கிடைத்த பிறகுதான் மண் தோண்டுவார்கள். டெல்லி - மீரட்டைக் கட்டிய நிறுவனம் தொடங்கப்பட்டது 2013-இல், அடிக்கல் 2019-இல், முதல் வண்டி 2023-இல். பணமும் அரசியல் விருப்பமும் குவிந்திருந்த தலைநகரிலேயே பத்து ஆண்டுகள். திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை புதிய ரயில் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. அப்போது ரயில்வே இணை அமைச்சராக இருந்தவர் அரக்கோணம் எம்.பி. ஆர். வேலு. அந்தத் தடத்தில் இன்றுவரை வண்டி ஓடவில்லை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, ஆனால் அந்த ஊருக்கு ரயில் வரவில்லை. திண்டிவனத்தில் பெரியவர்கள் புது அறிவிப்பைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே புது ரயிலுக்கு ஆதரவாகப் பேசும்போதே பழைய ரயிலுக்காகவும் பேச வேண்டும் என்பேன். செங்கல்பட்டு - விழுப்புரம் பாதை இப்போது இரட்டைப் பாதை, மின்மயமான பாதை. மின்சார ரயில்களின் நெருக்கம் செங்கல்பட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே, காலையில் புதுச்சேரியிலிருந்து எழும்பூர் போகும் வண்டி, விழுப்புரம் - தாம்பரம் மெமு என்று விரல்விட்டு எண்ணும்படிதான் வண்டிகள். மெமு வண்டியில் இழுக்கும் மோட்டார் பெட்டிகளிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் சீக்கிரம் வேகம் எடுக்கும், சிறு நிலையங்களில் நின்று போக ஏற்றது. ஒலக்கூரில் ஏறும் கட்டிடத் தொழிலாளிக்கும், பேரணியில் வெண்டைக்காய் மூட்டையோடு ஏறும் அம்மாவுக்கும் வேண்டியது அது. காலை ஆறிலிருந்து பத்துக்குள் தாம்பரம் நோக்கி இன்னும் இரண்டு மெமு, மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் திரும்ப இரண்டு. இதற்கு ஒரு சென்ட் நிலமும் எடுக்க வேண்டாம். வண்டிப் பெட்டிகளும், எக்ஸ்பிரஸ்களுக்கு நடுவே நேரமும் வேண்டும். இரண்டையும் தர வேண்டியது தெற்கு ரயில்வே. இதைக் கேட்கும் மனுவில் திண்டிவனமும் விழுப்புரமும் நடுவில் உள்ள எல்லாச் சிறு நிலையங்களின் ஊராட்சிகளும் சேர்ந்து கையெழுத்திடலாம்.