கயிற்றை இழுக்கும் முன்

ஒரு கையில் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பற்றி, மெஷினைக் கீழ்நோக்கி ஓர் உதறு. ‘டர்ர்ர்’ என்று செயின் சா உறுமத் தொடங்கிவிடும். மரம் அறுக்கும் இடங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சிதான். பார்க்கிறவர்களுக்கு அது கைதேர்ந்தவரின் லாவகமாகத் தெரியும். ஆனால், மெஷின் தயாரிக்கும் நிறுவனங்களின் கையேடுகள் அதைச் செய்யவே கூடாது என்கின்றன. அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலுக்கென்று உள்ள அரசுப் பாதுகாப்பு விதி, இந்த உதறல் முறையைக் குறிப்பிட்டே தடை செய்திருக்கிறது.

செயின் சா என்றதும் எல்லோரும் பயப்படுவது மரத்தை அறுக்கும் நேரத்துக்குத்தான். அதற்கு முந்தைய அரை நிமிடத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

உதறுவதில் என்ன கோளாறு? பிளேடும் எரிபொருளும் சேர்ந்து ஐந்தாறு கிலோ எடையுள்ள மெஷின் அப்போது ஒற்றைக் கையில் தொங்குகிறது. கயிறு ஒரு பக்கம் இழுக்க, மெஷின் பிடித்த கையை அச்சாக வைத்துச் சுழலப் பார்க்கும். பிளேடின் முனை எந்தப் பக்கம் திரும்பும் என்பது பிடித்திருப்பவர் வசத்தில் இல்லை. அதற்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவை அவருடைய தொடையும் முழங்காலும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் கிளட்ச் பிடிக்கும் வேலை இல்லை. எஞ்சின் வேகம் கூடினால் வண்டி தானாகவே நகரும். செயின் சாவிலும் அதே வகைக் கிளட்ச்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்வரை செயின் நிற்கும், வேகம் கூடியதும் சுற்றும். குளிர்ந்த எஞ்சினை சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டர் பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும்படிதான் பெரும்பாலான மெஷின்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எஞ்சின் பிடித்த மறுநொடியே, யாரும் விசையைத் தொடாமலேயே, செயின் ஓட ஆரம்பித்துவிடும். முழு வேகத்தில் அது நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைத் தடுக்கத்தான் செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு முன்னால் செங்குத்தாக நிற்கிறதே ஒரு பிளாஸ்டிக் தகடு, அதைக் கைக்கான மறைப்பு என்று மட்டும் நினைப்பவர்கள் நிறையப் பேர். பிரேக்கின் நெம்புகோலும் அதுதான். பிளேடு பக்கம் தள்ளினால் ‘டக்’ என்று பிரேக் விழும். கைப்பிடி பக்கம் இழுத்தால் விடுபடும். 1970களின் தொடக்கத்திலிருந்து மெஷின்களில் இடம்பிடித்த இந்த ஏற்பாட்டைப் போடாமல் கயிற்றைத் தொடவே கூடாது என்பது முதல் விதி.

ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்ற ஜெர்மானியர் 1929இல் கொண்டுவந்த பெட்ரோல் செயின் சாவின் எடை ஏறக்குறைய 46 கிலோ. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அதைக் காற்றில் உதறி ஸ்டார்ட் செய்ய எந்த பயில்வானுக்கும் தோன்றியிருக்காது. மெஷின் இளைக்க இளைக்கத்தான் இந்தத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

சரியான முறைகள் இரண்டே. ஒன்று, தரையில் வைத்து. கல், குச்சி இல்லாத சமதரையில் மெஷினை வைத்து, பிளேடின் முனை எதிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது கை முன் கைப்பிடியைக் கட்டைவிரல் சுற்றி இறுகப் பிடிக்கும். முழங்கை மடங்கக் கூடாது. வலது காலின் முன்பகுதியைப் பின் கைப்பிடிக்குள் நுழைத்து மிதித்துக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். இங்கே மிதிப்பது பூட்ஸ் கால். ரப்பர் செருப்போடு மரம் அறுக்கப் போகிறவருக்கு இந்த முறை உதவாது. செருப்போடு அந்த வேலைக்கே போகக் கூடாது என்பது வேறு விஷயம்.

மற்றது, நின்றபடி. பின் கைப்பிடியை முழங்காலுக்கு மேலே இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, இடது கையால் முன் கைப்பிடியைப் பிடித்து, வலது கையால் கயிற்றை இழுப்பது. புல் மண்டிய இடத்திலும், ஏற்கெனவே சூடான எஞ்சினுக்கும் இது தோது. இரண்டு முறையிலும் மெஷின் அசையாமல் பிடிபட்டிருக்கிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் கையை மாற்றக் கூடாது. இடது கை முன்னே, வலது கை பின்னே என்ற பிடிக்காகவே மெஷின் செய்யப்பட்டிருக்கிறது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. முதலில் மெதுவாக இழுத்து, தடை தட்டியதும் வெடுக்கென்று இழுக்க வேண்டும். கடைசிவரை இழுத்தால் கயிறு அறுந்துபோகலாம். முழு சோக்கில் இழுக்கும்போது எஞ்சின் ஒருமுறை ‘பட்’ என்று சத்தம் கொடுத்து அடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கத் தவறுவதால்தான் பாதி வம்பு. அது கேட்டதுமே சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தால் பிடித்துவிடும். கேட்காதவர் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருப்பார். பெட்ரோல் நிறைந்து பிளக் நனையும். பிறகு ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்தில்தான் மெஷின் தரையை விட்டு மேலே ஏறி உதறலும் தொடங்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது ஐந்து நிமிட வேலை.

பெட்ரோல் ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்கிறது மேலே சொன்ன அமெரிக்க விதி. சிந்தியதைத் துடைத்து, மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு நகர வேண்டும். பிரிட்டனில் மரத்தொழிலுக்கான வழிகாட்டிகள், ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் வேறு ஆள் நிற்கக் கூடாது என்கின்றன. நம் ஊரில் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் விரட்ட வேண்டியிருக்கும்.

எஞ்சின் பிடித்ததும் விசையை ஒருமுறை தட்டிவிட்டால் வேகம் இறங்கும். அதன் பிறகு பிரேக்கை விடுவித்துப் பார்த்தால் செயின் அசையாமல் நிற்க வேண்டும். மெதுவான ஓட்டத்திலேயே செயின் ஊர்ந்தால் கார்புரேட்டரிலோ கிளட்சிலோ பழுது. மெக்கானிக் கைக்குத்தான் அது போக வேண்டும். பேட்டரி மெஷினில் கயிறும் இல்லை, சோக்கும் இல்லை. சத்தமின்றித் தயாராக இருப்பதால் அதற்கும் பிரேக் கட்டாயம். செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாட்களில் அறுக்கத் தெரிந்தவர் கிடைக்கமாட்டார்; மெஷினை வாடகைக்கு எடுத்துத் தாமே இறங்க எண்ணுகிறவர்களும் இருப்பார்கள். அதுவரை தொட்டே பார்த்திராதவர் அந்த நெருக்கடியில் பழகுவதைவிட, தெரிந்தவருக்காக ஒரு நாள் காத்திருப்பது மேல். பழகியவர் வாடகைக்கு எடுத்தாலும் கடை வாசலிலேயே தரையில் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். பிரேக் பிடிக்காத மெஷின் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.