புகை போகும் வழி

சென்னையின் மேற்குப் புறநகர் உலைகளின் வெப்பத்தோடு வளர்ந்த பகுதியாகும். 1949ஆம் ஆண்டில் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றின. இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலை, உதிரி உறுப்புகளுக்கு வன்மையூட்டும் உலை, ரொட்டியும் பொறையும் வேகும் அடுமனை உலை எனப் பலவகை உலைகள் இவ்வட்டாரத்தின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன. அக்காலத்தில் விறகும் நிலக்கரியும் உலை எண்ணெயும் எரிபொருள்களாக இருந்தன. இன்று அவற்றின் இடத்தை எரிவாயு பிடித்து வருகிறது. உருளையில் வரும் எரிவாயுவோடு, குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவும் சேர்ந்துகொண்டது. எண்ணூரில் 2019ஆம் ஆண்டில் திரவ இயற்கை எரிவாயு முனையம் செயற்படத் தொடங்கியபின் இம்மாற்றம் விரைவு பெற்றது.

எரிபொருள் மாறினாலும், பழைய செங்கல் புகைபோக்கியை அப்படியே விட்டுவைப்பது எளிது. எரிவாயுவில் புகையே இல்லை. அதற்குப் புகைபோக்கி எதற்கு என்று வினவுவோர் உளர். விறகுப் புகையையே வெளியேற்றிய புகைபோக்கிக்கு எரிவாயு எம்மாத்திரம் என்று எண்ணுவோரும் உளர். இவ்விரண்டு எண்ணங்களும் உயிருக்கு ஊறு விளைவிக்க வல்லவை.

புகைபோக்கி எவ்வாறு இயங்குகிறது?

புகைபோக்கி என்னும் பெயர், அது தானே புகையை இழுத்து வெளியே தள்ளுவதுபோன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் புகையைப் போக்குவது அதன் வெப்பமே. சூடான வளிமம் விரிந்து இலேசாகிறது. வெளியே உள்ள கனத்த காற்று கீழிருந்து நெருக்க, இலேசான வளிமம் மேலெழுகிறது. புகைபோக்கி அதற்கு வழி மட்டுமே அமைத்துத் தருகிறது.

இவ்விசை மிகச் சிறியது. பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு புகைபோக்கியின் உள்ளே சராசரி வெப்பநிலை 200 பாகை செல்சியசும் வெளியே 30 பாகையும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது கிடைக்கும் இழுவை ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தமே ஆகும். ஊதுகுழலில் ஊதும் மூச்சின் விசை இதனைவிடப் பன்மடங்கு பெரிது. உள்வெப்பம் 80 பாகையாகக் குறைந்தால் இழுவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சென்னையின் கோடையில் வெளிக்காற்றே 40 பாகையைத் தொடும்போது இழுவை மேலும் தளர்கிறது. குளிர்நாடுகளுக்கு வகுத்த அளவுகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

எரிவாயு தரும் நீர்

விறகு அடுப்பு வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகைபோக்கியிலேயே வீணாக்குகிறது. அந்த வீண்செலவால் செங்கற்சுவர் எப்போதும் சூடாக இருந்தது. நவீன எரிவாயு உலையோ சிக்கனமானது. வெப்பத்தைப் பொருளுக்குத் தந்துவிட்டு, குறைந்த சூடுள்ள வளிமத்தையே வெளியே அனுப்புகிறது. அகன்ற பழைய புகைபோக்கியில் அவ்வளிமம் மெதுவாக ஊர்ந்து, குளிர்ந்த சுவரில் பட்டு மேலும் ஆறுகிறது.

இங்கேதான் பலரும் எதிர்பாராத ஒன்று நிகழ்கிறது. எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராவியாகிறது. வணிகப் பயன்பாட்டுக்குரிய 19 கிலோ உருளை ஒன்று முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 30 லிட்டர் நீருக்குச் சமமான நீராவி உண்டாகும். இரண்டு குடம் தண்ணீர்! இயற்கை எரிவாயுவில் இந்த அளவு இன்னும் மிகுதி; ஒரு கிலோ மீத்தேன் 2.25 கிலோ நீரைத் தருகிறது. சுவரின் வெப்பம் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே சென்றால் இந்நீராவி முத்துமுத்தாகப் படியத் தொடங்கும்.

படியும் நீர் தூயநீர் அன்று. கார்பன் டை ஆக்சைடும், சுவரில் முன்னரே படிந்த கரியிலும் எண்ணெய்க் கசடிலும் உள்ள கந்தகச் சேர்மங்களும் அதிற்கரைய, அது அமிலத் தன்மை அடைகிறது. அந்நீர் செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தை மெல்லமெல்லத் தின்கிறது. வெளிச்சுவரில் உப்புப் பூத்தல், உட்புறத்தில் ஈரக்கறை, அடியில் உதிர்ந்து கிடக்கும் சாந்துத் துண்டுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். உதிர்ந்தவை குவிந்தால் பாதை அடைபடும். இணைப்புகள் திறந்தால் வளிமம் பக்கத்து அறைக்குள் கசியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புகைபோக்கி கம்பீரமாகவே தோன்றும்.

ஆதலால், பழைய செங்கல் புகைபோக்கியை எரிவாயு உலைக்குப் பயன்படுத்துமுன் அதனுள் துருப்பிடிக்காத எஃகாலான உட்குழாய் ஒன்றை இறக்குவர். அதன் விட்டம் உலைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். குறுகிய குழாயில் வளிமம் விரைந்து செல்லும், சூடும் குறையாது. குழாயைச் சுற்றி வெப்பங்கடத்தாப் பொருளை இடுவதும் உண்டு. உலையிலிருந்து புகைபோக்கிக்குச் செல்லும் இணைப்புக் குழாய், மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டரளவேனும் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது நன்று. உச்சி, சுற்றிலும் மூன்று மீட்டருக்குள் உள்ள கூரைப்பகுதியைவிட அறுபது சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதியாகும்; இல்லையேல் காற்றுச்சுழி வளிமத்தைக் கீழே தள்ளிவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊரில் உச்சிக்கு மூடியும், புறாக்கள் கூடுகட்டாதிருக்க வலையும் தேவை. உட்குழாய் பதிப்பது தகுதிபெற்ற தொழிலாளர் செய்ய வேண்டிய பணி.

காற்று நுழைய வழி

வெளியேறும் வழியைப் போலவே நுழையும் வழியும் இன்றியமையாதது. உருளை எரிவாயு ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 13 கனமீட்டர் காற்று வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட மூடிய அறையின் காற்று முழுவதும் இரண்டு கிலோ எரிவாயுவுக்கே சரியாகிவிடும். கொசுவுக்கும் மழைக்கும் அஞ்சிச் சாளரங்களை அடைத்துவிட்டு, புழுக்கம் போக வெளியேற்று விசிறியைச் சுழலவிடுவது நம் பட்டறைகளிலும் சமையற்கூடங்களிலும் காணும் வழக்கம். அவ்விசிறியின் இழுவை புகைபோக்கியின் மெல்லிய இழுவையை எளிதில் வென்றுவிடும். அப்போது வளிமம் மேலே செல்லாமல் அறைக்குள்ளேயே திரும்பும்.

காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிணைகிறது. விறகுப் புகை கண்ணைக் கரித்து, இருமலைத் தந்து மனிதரை வெளியே விரட்டிவிடும். இந்நஞ்சு அவ்வாறு எச்சரிப்பதில்லை. எரிவாயுவில் மணமூட்டும் பொருள் சேர்க்கப்படுகிறதே என்று கேட்கலாம். அம்மணம் எரியாமல் கசியும் வாயுவைக் காட்டிக்கொடுக்கும். எரிந்தபின் வெளிப்படும் வளிமத்தைக் காட்டிக்கொடுக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அயர்வு ஆகியவற்றைச் சென்னைவாசி வெயிலின் குற்றமென்றே எண்ணக்கூடும். ஒரே அறையில் பணியாற்றும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வருமானால் ஐயுறுதல் வேண்டும். பாதிக்கப்பட்டவரைத் திறந்தவெளிக்குக் கொணர்ந்து, 108 என்னும் எண்ணை அழைப்பதே முதற்பணி.

தொழிற்கூடங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. அடுக்குமாடி வீடுகளின் சிறு குளியலறைகளில் எரிவாயு நீர்சூடேற்றியைப் பொருத்திக் கதவையும் சாளரத்தையும் தாழிட்டுக் குளித்தோர் மயங்கி உயிரிழந்த நிகழ்வுகள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளன. அக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்திக் குழாய் வழியே வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவரலாம்.

புகைபோக்கி இயங்குகிறதா என்பதை அறிய விலைமிக்க கருவி இல்லாத இடத்தில் ஓர் ஊதுபத்தி உதவும். எரிவாயு எங்கும் கசியவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். கதவு சாளரங்களை மூடி, வழக்கமாக ஓடும் விசிறிகள் அனைத்தையும் ஓடவிட்டு, உலையை ஐந்து மணித்துளி எரியவிட வேண்டும். பின்னர் புகைபோக்கியின் கீழ்த்திறப்பருகே ஊதுபத்தியைப் பிடித்தால், அதன் புகை உள்நோக்கி இழுக்கப்பட வேண்டும். தயங்கி நின்றாலோ முகத்தை நோக்கித் திரும்பினாலோ உலையை உடனே அணைத்துவிட்டுச் சாளரங்களைத் திறந்துவிட வேண்டும். காரணம் கண்டறிந்து சீர்செய்யும்வரை அதனை மீண்டும் பற்றவைத்தல் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும், விசிறியோ கதவோ புதிதாக மாற்றப்படும் போதெல்லாம் ஒருமுறையும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.