வீட்டோட கிளம்பலாமா பாஸ்?

படுக்கை, அடுப்பு, பாத்ரூமோடு ஓடும் மோட்டார்ஹோமில் நியூசிலாந்தைச் சுத்தணும்னு ஆசையா? முதல் கிளாஸ் நாமக்கல்லிலேயே இருக்கு! லாரியில் வடக்கே போகும் நம்ம ஊர் டிரைவர் அண்ணன்களுக்கு வாரக்கணக்கில் கேபின்தான் வீடு. அவங்ககிட்ட கேளுங்க.

தூக்கம்: கண் சொக்கினா ஓரங்கட்டணும். ஃபிளைட் இறங்கின அன்னைக்கே ஸ்டீயரிங் பிடிக்காதீங்க.

மலை: காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. நியூசிலாந்து மலைரோடும் அப்படித்தான். இறக்கத்தில் பிரேக்கையே மிதிச்சா சூடேறிடும். லோ கியர்தான் காப்பாத்தும்.

உயரம்: வண்டியின் உயரத்தை எழுதி கண்ணெதிரே ஒட்டுங்க. தாழ்வான பாலம் வந்தா உதவும்.

கழிவு: அதற்கான இடத்தில் மட்டுமே கொட்டணும்.

பேப்பர்: நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் அதிகபட்சம் 1 வருஷம்தான் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்கணும்.

அங்கேயும் நம்மளை மாதிரி இடதுபக்கம்தான். ஆனா அவசரம் வேண்டாம். வீட்டோட போறவங்க வீடு திரும்பணும்ல!