மூளைக்குப் போட்ட முதல்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்றதும் இடிமழையில் பட்டம் விட்டவர் என்றோ, 100 டாலர் நோட்டில் இருப்பவர் என்றோதான் பலருக்கு ஞாபகம் வரும். சிக்கனத்துக்கும் அவரை உதாரணம் காட்டுவார்கள். காசுக்குக் காசு சேர்த்துப் பணக்காரர் ஆனவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவர் மிச்சம் பிடித்தது உண்மைதான். ஆனால் மிச்சம் பிடித்த காசை முதலில் எங்கே போட்டார் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

1706-இல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். 17 பிள்ளைகளில் இவர் 15-ஆவது. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். அதிலும் கணக்கு வரவில்லை. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். 21 வயது வரை ஒப்பந்தம். கடைசி வருடம்தான் கூலி.

அண்ணன் தனக்கும் வேலைப் பையன்களுக்கும் வேறொரு வீட்டில் பணம் கட்டிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார். 16 வயதில் இறைச்சியை விட்ட தம்பி, தன் பேரில் கட்டுகிற பணத்தில் பாதியைக் கையில் கொடுத்தால் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அண்ணனுக்குப் பாதிச் செலவு மிச்சம், உடனே சம்மதித்தார். பையன் அந்தப் பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்தான். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஆளில்லாத அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டோ ஒரு துண்டு ரொட்டியோ, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை, ஒரு குவளைத் தண்ணீர் என்று முடித்துக்கொள்வான். மீதி நேரம் முழுக்கப் படிப்பு. மிச்சமான காசில் புத்தகம். பள்ளியில் இரண்டு முறை தோற்ற கணக்கை அந்த நேரத்தில் தானே புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டான். பணத்தையும் நேரத்தையும் ஒரே ஏற்பாட்டில் சம்பாதித்துக்கொண்ட பையன் அவன். இரண்டையும் கொண்டுபோய்த் தன் மூளையில் போட்டான்.

எப்படிப் போட்டான் என்பது இன்னும் முக்கியம். லண்டனில் 1711-இல் அடிசனும் ஸ்டீலும் தொடங்கிய ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் ஒரு தொகுதி அவன் கையில் கிடைத்தது. அந்த நடை அவனை மயக்கிவிட்டது. படித்து ரசித்ததோடு விடவில்லை. ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் சொல்லும் கருத்தைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்வான். சில நாள் அந்தக் குறிப்பை அப்படியே வைத்துவிடுவான். மூலம் மறந்தபிறகு, குறிப்பை மட்டும் பார்த்து முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதுவான். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவான்.

அப்போதுதான் தன்னிடம் சொல்வளம் போதவில்லை என்று தெரிந்தது. அதற்கும் ஒரு வழி கண்டான். சில கட்டுரைக் கதைகளைச் செய்யுளாக மாற்றினான். யாப்புக்குள் அடங்க வேண்டுமானால் ஒரே பொருளுக்கு வேறு வேறு நீளத்தில், வேறு வேறு ஓசையில் சொல் தேடியே ஆகவேண்டும். சில நாள் கழித்து அந்தச் செய்யுளை மறுபடியும் உரைநடையாக்குவான். இன்னொன்றும் செய்தான். குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசையில் அடுக்கப் பார்ப்பான். எண்ணங்களை ஒழுங்காக நிறுத்தும் பழக்கம் அதில் வந்தது. வேலை முடிந்த இரவு, வேலை தொடங்குவதற்கு முந்தைய காலை, ஞாயிற்றுக்கிழமை: இவைதான் அவனுக்குக் கிடைத்த நேரம்.

இந்தப் பயிற்சியை இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிடித்த தமிழ்க் கட்டுரை ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். ஆழ்மனத்தில் விதைத்தால் கோடி விளையும் என்று சொல்லும் புத்தகங்கள் இன்று கட்டுக்கட்டாக விற்கின்றன. அவற்றை வாங்குகிறவர்களின் ஏக்கம் உண்மையானது, அதை மதிக்கிறேன். அந்த ஏக்கத்துக்கு உருப்படியான பதில் தரவேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் ஃபிராங்க்ளினைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மனத்தை வளர்ப்பது அவருக்குக் கண்ணை மூடிச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. எழுதி, ஒப்பிட்டு, தவறு கண்டு, திரும்ப எழுதுகிற கைவேலையாக இருந்தது.

பலன் சீக்கிரமே வந்தது. 1722-இல் அண்ணன் நடத்திய பத்திரிகைக்கு ஒரு விதவைப் பெண்மணியின் பெயரில் 14 கடிதங்கள் எழுதினான். தம்பி எழுதியது என்று தெரிந்தால் போடமாட்டார் என்பதால் இரவில் அச்சுக்கூடக் கதவின் அடியில் செருகிவிட்டான். அண்ணனும் நண்பர்களும் அதைப் படித்துப் பாராட்டி, ஊரில் உள்ள பெரிய அறிவாளிகளில் யார் எழுதியிருப்பார் என்று ஊகித்தபோது, பையன் பக்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 1723-இல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். லண்டனிலும் கொஞ்ச காலம் அச்சுத் தொழில் பார்த்துத் திரும்பினார். 1727-இல் ஜண்டோ என்று ஒரு வட்டத்தைத் தொடங்கினார். கண்ணாடி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர், நில அளவையாளர், கடை எழுத்தர் என்று உழைத்துப் பிழைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் அதில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை கூடுவார்கள். ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொந்தமாக ஒரு கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும். ஜெயிப்பதற்காக வாதாடக் கூடாது. அடித்துப் பேசினால் சிறு அபராதம் உண்டு.

பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஃபிராங்க்ளின் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். பணம் போடுவதாகச் சொன்ன கூட்டாளியின் தந்தையால் பாதிக்கு மேல் கட்ட முடியவில்லை. கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அச்சு எந்திரமும் எழுத்துகளும் ஏலத்துக்குப் போகும் நிலைமை. அப்போது ஜண்டோ நண்பர்கள் இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமலே, தனித்தனியாக வந்து பணம் தருவதாகச் சொன்னார்கள். வாராவாரம் கூடவே உட்கார்ந்து யோசிக்கிறவனின் தரம் அவர்களுக்குத் தெரியும். இருவரிடமும் பாதிப் பாதி வாங்கித் தொழிலைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். இதே வட்டத்திலிருந்துதான் 1731-இல் சந்தா நூலகமும் பிறந்தது. 50 பேர், ஆளுக்கு 40 ஷில்லிங்.

எழுதத் தெரிந்த அச்சுக்காரர் என்பதுதான் அவருக்குப் பெரிய முதல். 1729-இல் காகிதப் பணம் ஏன் வேண்டும் என்று பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பென்சில்வேனியா சட்டசபையில் காகிதப் பணத் தீர்மானம் நிறைவேறியது. அங்கிருந்த நண்பர்கள் நோட்டு அச்சடிக்கும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். நல்ல லாபம். பின்னர் கள்ள நோட்டைத் தடுக்க ஒரு யுக்தி செய்தார். நிஜ இலையை அச்சுப் பதித்து, அதன் நரம்புகளை நோட்டின் முதுகில் அச்சிட்டார். இரண்டு இலை ஒன்றுபோல் இருக்காது; செதுக்குகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த நரம்பை நகலெடுக்கத் திணறுவான். 1732 டிசம்பரில் வந்த ‘ஏழை ரிச்சர்ட்’ பஞ்சாங்கத்துக்கும் அவர் எழுத்துதான் முதல். பஞ்சாங்கம் எல்லாரும் போட்டார்கள்; இவர் அதில் சிரிப்பும் பழமொழியும் சேர்த்தார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றது. சிறு நூல்களை மடித்துத் தைத்து, கடையைப் பார்த்து, காகிதம் செய்யப் பழந்துணி வாங்கிச் சேர்த்தவர் மனைவி டெபோரா. அந்த உழைப்பைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது.

அடுத்து அவர் செய்தது கூட்டு. தன்னிடம் வேலை செய்த நல்ல தொழிலாளியை வேறு ஊருக்கு அனுப்புவார். எந்திரமும் எழுத்துகளும் இவர் கொடுப்பார், செலவில் மூன்றில் ஒரு பங்கு ஏற்பார், ஆறு வருடத்துக்கு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குவார். 1731-இல் சார்ல்ஸ்டனில் முதல் ஏற்பாடு. கணக்குவழக்கை ஆரம்பத்திலேயே எழுத்தில் வைத்ததால் பெரும்பாலான கூட்டுகள் சண்டையில்லாமல் முடிந்தன.

1748-இல், 42 வயதில், அச்சுக்கூடத்தை டேவிட் ஹால் என்ற பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். 18 வருடம் லாபப் பங்கு வரும்படி ஒப்பந்தம். தொழில் உச்சத்தில் இருக்கும்போது விலகியவரைப் பார்த்துப் பலர் வியந்திருப்பார்கள். பணத்தைக் கொடுத்து அவர் வாங்கியது நேரம். ஆளில்லாத அச்சுக்கூடத்தில் 16 வயதில் வாங்கிய அதே சரக்கு. மின்சார ஆராய்ச்சி அந்த நேரத்தில் நடந்தது. 1751-இல் ஆய்வு நூல், 1752-இல் பட்டம் விட்ட சோதனை, 1753-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம். தான் கண்டுபிடித்த இடிதாங்கிக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அவர் வடிவமைத்த அடுப்புக்குக் காப்புரிமை தர ஆளுநரே முன்வந்தும் மறுத்துவிட்டார்.

இப்படி வளர்ந்த மூளைக்கும் எட்டாத இடம் இருந்தது. அவர் நடத்திய பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை அச்சிட்டுக் காசு வாங்கியது. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். 1787-இல்தான் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790-இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன அடிமை ஒழிப்பு மனுவில் கையெழுத்திட்டார். 80 வயதுக்கு மேல் இதைச் செய்தது பெரிதுதான். அதற்குள் எத்தனை உயிர்கள் அந்த விளம்பரங்கள் வழியாக விலைபோயிருக்கும் என்பதை நினைக்காமல் அவரைப் புகழ என்னால் முடியவில்லை.

உயிலில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த, 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட, திருமணமான கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் தரவேண்டும், 200 வருடம் அந்தப் பணம் சுழல வேண்டும் என்பது நிபந்தனை. தன்னை ஏலத்திலிருந்து காப்பாற்றிய கடனை மனதில் வைத்தே அப்படிச் செய்தார். முதல் நூறாண்டு முடிந்ததும் பாஸ்டன் பங்கிலிருந்து எடுத்த தொகையும் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணமும் சேர்ந்து 1908-இல் ஒரு தொழிற்கல்லூரி ஆயின. கைத்தொழில் கற்க வருகிறவர்கள் இன்றும் அங்கே படிக்கிறார்கள்.