பெயர்ச் சீட்டைத் திருப்பி அனுப்பும் தபால்

விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கத் தண்டவாளங்கள் கூடுகின்றன. இப்படிக் கூடும் இடத்தில் ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயின்ட் ஒரு பக்கமும் சிக்னல் இன்னொரு பக்கமும் காட்டினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் பார்த்தோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் செல்லப் பச்சை விழுந்தது; பாயின்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தின் பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில், ஒயரிங் கோளாறால் ரயில் போகவேண்டிய பாதை ஒன்றாகவும் போன பாதை வேறாகவும் இருந்திருக்கிறது. அப்போதே திருத்தியிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்கிறார் ரயில் பாதுகாப்பு ஆணையர். ஓரிடத்தில் நூலிழையில் தப்பிய சேதி அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை.

விமானத் துறைக்கும் இதே அடி விழுந்தது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ 514 விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாடு கொடுத்த அனுமதியைத் தாழ இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டதுதான் வினை. ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கித் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் சொல்ல வழியில்லை.

1975இல் அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் வழி திறந்தது. ஊழியர்கள் தயங்கினார்கள். லைசென்ஸைப் பறிக்கக்கூடிய அலுவலகத்திடமே போய், "நான் தப்பாக இறக்கிவிட்டேன்" என்று யார் சொல்வார்கள்? அதனால் 1976இல் அந்தப் பொறுப்பு, யாரையும் தண்டிக்க அதிகாரமில்லாத நாசாவிடம் போனது. இந்த மாற்றம்தான் முழு ஏற்பாட்டுக்கும் உயிர் என்று நினைக்கிறேன்.

நாசாவுக்கு எழுதும் படிவத்தின் மேற்பகுதியில் உள்ள சீட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அனுபவமுள்ள விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் அதைப் படிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். மொட்டைக் கடிதத்தில் இது முடியாது. பிறகு அந்தப் பெயர்ச் சீட்டைக் கிழித்து, தேதி முத்திரையுடன் எழுதியவருக்கே அனுப்பிவிடுகிறார்கள். பத்து நாளுக்குள் எழுதியிருந்தால், தெரியாமல் செய்த மீறலுக்குத் தண்டனையிலிருந்து அந்தச் சீட்டே காப்பு. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அது செல்லாது. இதுவரை 20 லட்சத்துக்கு மேல் அறிக்கைகள் வந்திருக்கின்றன. இந்தியா உட்பட மற்ற நாடுகளின் விமானத் துறையிலும் தன்னார்வத் தகவல் முறைகள் வந்துவிட்டன.

ரயிலுக்கு இதைக் கொண்டுவந்தது பிரிட்டன். 1996இல் ஸ்காட்லாந்தில், ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தின் துணையோடு 'சைராஸ்' என்ற தகவல் முறை தொடங்கியது. 1999 அக்டோபரில் லண்டனின் லாட்புரோக் குரோவில் சிவப்பைத் தாண்டிய ரயில் இன்னொன்றோடு மோதி 31 பேர் இறந்தார்கள். அதே சிக்னலை முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை ரயில்கள் தாண்டியிருந்தன. அதன்பின் சைராஸ் நாடு முழுக்கப் பரவியது. பின்னாளில் லண்டன் பேருந்து ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொண்டது.

விழுப்புரம் கோட்டப் பேருந்து ஓட்டுநருக்குத் திண்டிவனம் சாலையில் எந்த வெட்டில் பைக் குறுக்கே பாயும் என்று தெரியும். இரவு டூட்டியில் கண் சொருகியதும் தெரியும். லோகோ பைலட்டுக்கு எந்த சிக்னல் மரக்கிளைக்குப் பின்னால் மறைகிறது என்று தெரியும். மெமோ வந்துவிடுமோ என்ற பயத்தில் இவை டீக்கடைப் பேச்சோடு நின்றுவிடக் கூடாது. ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் கைவைக்க முடியாத ஓரிடத்தில் இந்தத் தகவல்கள் சேர வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. படிவத்தை வாங்கவும், ஓய்வுபெற்ற ஓட்டுநர்களை அழைத்துப் படிக்கவைக்கவும், பெயர்ச் சீட்டைத் திருப்பி அனுப்பவும் அவற்றில் ஓர் அறை போதும்.