அறுபதுக்குப் பின் கற்கும் வித்தை

பெங்களூரின் தென்பகுதியில் லால்பாகை அடுத்துள்ள பசவனகுடிக்கு, பெரிய நந்தி கோவிலாலும் கார்த்திகை மாதத்துக் கடலைக்காய்த் திருவிழாவாலும் வந்த கீர்த்தி ஒருபுறமிருக்க, உபந்நியாசங்களால் வந்த கீர்த்தியும் உண்டு. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் என்று தமிழ்நாடு நன்றியுடன் நினைக்கும் பி. பி. வாடியா, தம் துணைவியார் சோபியா வாடியாவுடன் சேர்ந்து, இன்று ‘இண்டியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர்’ என்று வழங்கும் நிலையத்தை 1945-ல் இங்கே நிறுவினார். அதே ஆண்டில் கன்னடப் பேரறிஞர் டி. வி. குண்டப்பா, தேசத்தலைவர் கோகலேயின் பெயரால் பொதுவாழ்வுக் கல்விக்கென ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். கௌரிபிதனூர்ப் பக்கத்துச் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்து, படிப்பின்மேல் கொண்ட ஆசையால் பெங்களூருக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய எச். நரசிம்மையா, 1962-ல் இங்குள்ள நேஷனல் கல்லூரியில் பெங்களூர் சயன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கி, புதன்கிழமை மாலைதோறும் விஞ்ஞானி ஒருவர் பொதுமக்களுக்குப் புரியும்படி பேசுவதென்ற ஏற்பாட்டைச் செய்துவைத்தார்.

இவை எவையும் முதியோருக்கென்று ஏற்பட்டவை அல்ல. ஆயினும் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். போன்ற பெருந்தொழிற்சாலைகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் உழைத்து ஓய்வுபெற்றோர் மிகுந்த இந்நகரில், இத்தகைய கூட்டங்களுக்குத் தவறாமல் வருவோரில் நரைத்த தலையினர் பலராக இருப்பதில் வியப்பில்லை. முதியோருக்கென்றே ஏற்பட்ட முயற்சிகளும் பின்னர் வந்தன. 1998-ல் தோன்றிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், நகரக் காவல்துறையுடன் சேர்ந்து 1090 என்ற உதவித் தொலைபேசியை நடத்தியதோடு, மாநகராட்சியுடன் இணைந்து ‘சந்தியா கிரணா’ என்னும் பகல்நேர மையத்தையும் ஏற்படுத்தியது. உலகளவில் நோக்கினால், முதியோர் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகத் திட்டத்தைப் பிரான்சின் தூலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர் தொடங்கியது 1973-ல்தான்.

இங்ஙனம் கூடிக் கேட்பதால் முதியவரின் மூளைக்கு மெய்யாகவே நன்மை உண்டா, அன்றி மாலைப்பொழுதை இனிதாகக் கழிப்பதோடு அது முடிந்துவிடுகிறதா என்னும் கேள்விக்கு விடை காண, உடற்கூறு ஆய்வில் வெளிப்பட்ட ஓர் ஆச்சரியத்திலிருந்து தொடங்க வேண்டும். வாழ்நாளின் இறுதிவரை தெளிந்த புத்தியுடன் இருந்த சில முதியவர்களின் மூளையை மரணத்துக்குப் பின் சோதித்தபோது, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணும் அதே புரதப் படிவுகள் அவற்றிலும் நிறைந்திருந்ததை, 1988-ல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினர். நோயின் அடையாளம் மூளையில் இருந்தும் நோய் நடத்தையில் இல்லை! இதற்கு விளக்கமாகப் பிறந்ததே ‘அறிவுச் சேமிப்பு’ என்னும் கொள்கை. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் போக்குவரத்து நின்றுவிட்டால், ஒரே சாலையை அறிந்தவன் அங்கேயே நிற்க, பல சந்துகளை அறிந்தவன் சுற்றியாவது வீடு போய்ச் சேர்வதைப்போல, கல்வியாலும் தொழிலாலும் பலவகைப் பயிற்சியாலும் நரம்பிணைப்புகளைப் பெருக்கிக்கொண்ட மூளை, சில வழிகள் சிதைந்த பின்னும் மாற்று வழிகளால் தன் காரியத்தை நடத்திக்கொள்கிறது என்பது அக்கொள்கையின் சாரம்.

இச்சேமிப்பு இளமையோடு முடிந்துவிடுவதா, அறுபதுக்குப் பின்னும் வளர்க்கத்தக்கதா? டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனீஸ் பார்க் என்னும் அம்மையாரின் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, முதியோர் மையம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதென்பது என் உறுதியான அபிப்பிராயம். 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையையும், சிலருக்குத் துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் கலையையும், வேறு சிலருக்கு இரண்டையுமே, வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் என மூன்று மாத காலம் கற்பித்தார்கள். இன்னொரு குழுவினர் அதே அளவு நேரம் ஒன்றுகூடி உரையாடியும் உல்லாசமாகப் பொழுதுபோக்கியும் வந்தனர். ஆனால் புதிய வித்தை எதையும் பயிலவில்லை. முடிவில் சோதித்தபோது, நிகழ்ச்சிகளை நினைவில் இருத்தும் சக்தி வித்தை பயின்றவர்களிடமே, அவர்களுள்ளும் புகைப்படக் கலை பயின்றவர்களிடமே நன்கு உயர்ந்திருந்தது. கூடிக் களித்தவர்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. காமிராவின் ஒளியளவையும் கணினியில் படத்தைத் திருத்தும் முறையையும் முன்பின் அறியாதவர் அவற்றோடு மல்லாடும்போது உண்டாகும் சிரமமே, பயனுக்குக் காரணமாய் நின்றது என்று கொள்வதில் தவறில்லை.

இதை அறிந்த பின், ‘பெரியவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது’ என்ற நல்லெண்ணத்தால் நம் மையங்களில் பஜனை, பல்லாங்குழி, பண்டிகை விருந்து ஆகியவற்றோடு நிகழ்ச்சிநிரலை முடித்துவிடும் வழக்கத்தைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவை மனத்துக்கு ஆறுதல் தருவன, தனிமையைப் போக்குவன, ஆகவே வேண்டுவனவே. ஆயினும் உபந்நியாசத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போவதைவிட, கேட்டதை மறுவாரம் தம் நடையில் எடுத்துச் சொல்லும்படி நான்கு பேரை மேடையேற்றுவது எத்துணையோ மேலானது. ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளருக்கு வீணையையும், வீணை வாசித்துப் பழகிய அம்மையாருக்கு வான்நோக்கியைக் கையாளும் முறையையும் கற்பித்தால், இருவருமே தமக்குப் பழகாத துறையில் மாணாக்கராவார்கள்.

இயல்பாகவே இத்தகைய அப்பியாசத்தை நாள்தோறும் செய்துவருவோரும் பெங்களூரில் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில், 1950 முதல் இயங்கிவரும் தமிழ்ச் சங்கத்தைச் சூழ்ந்த தெருக்களில் வாழும் தமிழ் மூதாட்டி, வீட்டில் தமிழும், கடையில் கன்னடமும், அண்டை வீட்டாரோடு தெலுங்கும், ஆட்டோக்காரரிடம் தக்கணி உருதும் பேசி, எதைப் பேசுகிறோம் என்ற நினைவுமின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறாள். ஒவ்வொரு தாவலிலும் பிற மொழிகளை அடக்கி, வேண்டிய மொழியை முன்னிறுத்தும் வேலையை மூளை செய்தாக வேண்டும். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களிடம் நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதித்தே தோன்றியதென்றும், எழுத்தறியாதோரிடையிலும் இவ்வேறுபாடு இருந்ததென்றும் காட்டினர். அல்லாடி பின்னர்ப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையத்தில் நரம்பியல் பேராசிரியராகப் பணியாற்ற வந்தார். பிற தேசங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே விடையைத் தரவில்லை என்பதையும் மறைக்கலாகாது. எனினும் எழுத்தறியாதவரும் இந்நன்மையில் பங்குபெறலாம் என்னும் செய்தி, நம் நாட்டுக்கு மிகவும் அருமையானது.

மூளைப் பயிற்சி ஒன்றே மருந்தென்று எண்ணுவதும் பிழையாகும். 120 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓராண்டு முறையாக நடைபயின்றவர்களின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது; ஆதலால் உபந்நியாசத்துக்கு லால்பாக் வழியே நடந்து வருபவர் இருவகையிலும் லாபம் பெறுகிறார். செவியின் காரியம் இதனினும் கவனிக்கத்தக்கது. ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு 2024-ல், மறதிநோய்க்கு வழிவகுப்பவையும் நம்மால் மாற்றக்கூடியவையுமான 14 காரணங்களைத் தொகுத்தபோது, இளமையில் கல்வியின்மை, இரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை ஆகியவற்றோடு செவிப்புலக் குறைவையும் சேர்த்துக் கூறியது. காது மங்கியவர், பாதி கேட்டும் பாதி ஊகித்தும் களைத்து, சில வாரங்களில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவர் நின்றதை ஒருவரும் கவனிப்பதில்லை. நல்ல ஒலிபெருக்கியும், முன்வரிசையில் இடமும், பேச்சின் சாரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளும், மையத்திலேயே செவிப் பரிசோதனைக்கு ஒரு நாளும் ஏற்பாடு செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

மேற்சொன்ன முடிவுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டாரை வைத்துக் கண்டவை. நம்மவரின் மூளை எவ்வாறு முதுமை அடைகிறது என்பதை நேராகவே அறிய, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், மாம்பழத்துக்குப் பேர்பெற்ற கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுரத்தில், 45 வயது கடந்த பதினாயிரம் கிராமவாசிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்வதென்ற சங்கல்பத்துடன் ஒரு பெருமுயற்சியை நடத்திவருகிறது. நகரவாசிகளுக்கென்று தனியே ஓர் ஆய்வும் உண்டு. உழவும் மாட்டுப் பராமரிப்பும் சந்தைக் கணக்கும் அறிவுச் சேமிப்பாக எவ்வளவு பெருகும் என்பதற்கு இங்கிருந்துதான் விடை வரவேண்டும். அது வருமளவும் மையங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பசவனகுடி மாலைகளுக்கு வர இயலாதவர், அந்நேரத்தில் பேரக்குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கும் பாட்டியே. அவருக்கு ஓய்வான முற்பகலில், அவர் பேசும் தமிழிலோ கன்னடத்திலோ, அவர் தெருவிலுள்ள பள்ளிக்கூடத்திலோ கோவில் மண்டபத்திலோ, பேச்சாளரே காமிராவையும் வான்நோக்கியையும் எடுத்துக்கொண்டு போய் அமர்ந்து கற்பிக்கலாம்.