பாட்டியோட பாம்புத்தோல் பர்ஸ்: ஒரு தடை, ரெண்டு பிழைப்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு பீரோலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆம்பூர்ல எங்க பாட்டி தவறிட்டாங்க. காரியம் எல்லாம் முடிஞ்சு, அம்மாவும் நானும் அவங்க பீரோவ ஒழுங்குபடுத்திட்டு இருந்தோம். பட்டுப்புடவைக்கு அடியில, பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தி ஒரு சின்ன பர்ஸ். பழுப்பு நிறம், பளபளன்னு செதில் செதிலா. அம்மா பார்த்ததும், "இது தாத்தா மெட்ராஸ்லேர்ந்து வாங்கிட்டு வந்தது. நான் பொறந்த வருஷம், 1974"ன்னாங்க.

எங்க மாமா முப்பது வருஷமா தோல் ஃபினிஷிங் யூனிட்ல வேலை பார்க்கிறவர். பர்ஸை கையில வாங்கி, விரலை செதிலுக்கு எதிர்ப்பக்கமா ஓட்டினார். செதில் ஓரம் லேசா தூக்கிச்சு. "இது பிரிண்ட் இல்லப்பா, நிஜம். சாரைப்பாம்பு மாதிரி இருக்கு. இதை யாருக்கும் காட்டாத, இன்ஸ்டால போட்டுடாத"ன்னார்.

ஏன் போடக்கூடாது? அதைத் தேடப் போய்தான் இந்தக் கதை கிடைச்சது.

சட்டத்துக்கு முன்னாடி

இன்னிக்கு வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு நாம சொல்ற தோல் பகுதி, மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல்ல வளர்ந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்துலேர்ந்து குரோம் காலம் வரைக்கும் அதுதான் அடிப்படைச் சரக்கு. பாம்புத்தோல் தனி வியாபாரம். அதுக்குப் பெரிய சந்தை மெட்ராஸ். அங்கேர்ந்து வெளிநாட்டுக்குப் போய் ஹேண்ட்பேக், செருப்பு, பெல்ட்டா மாறும்.

இந்தச் சங்கிலியோட முதல் கண்ணி யாரு? இருளர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலைன்னு வட தமிழ்நாடு முழுக்க இருக்கிற பழங்குடி மக்கள். வரப்புல ஒரு தடம், பொந்து வாசல்ல எச்சம், முள்ளுல மாட்டின ஒரு துண்டு சட்டை, இதைப் பார்த்தே உள்ள இருக்கிறது என்ன பாம்பு, எப்போ போச்சுன்னு சொல்லிடுவாங்க. கையில ஒரு கடப்பாறை, தோள்ல ஒரு பை. அவ்வளவுதான் முதலீடு.

பிடிச்சதை உரிச்சு ஏஜென்ட்கிட்ட கொடுப்பாங்க. ஏஜென்ட் வியாபாரிகிட்ட கொடுப்பார். எல்லா சங்கிலியிலயும் நடக்கிற மாதிரி, பாம்பைக் கையால தொட்டவருக்குத்தான் கடைசில குறைவான காசு. வருஷத்துக்கு லட்சக்கணக்குல தோல் போன வியாபாரம் அது.

இதுல வயலுக்கும் ஒரு கணக்கு இருக்கு. சாரைப்பாம்பு எலி தின்னும். சாரை குறைஞ்சா எலி கூடும். எலி கூடினா நெல்லு குறையும். மெட்ராஸ்ல பாம்புப் பண்ணை ஆரம்பிச்ச ராமுலஸ் விட்டேக்கர் மாதிரியானவங்க இதைத்தான் அப்போ திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

ரெண்டு சட்டம், ஒரு சர்வதேச ஒப்பந்தம்

1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்குகளை அட்டவணை அட்டவணையா பிரிச்சு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு சொன்ன சட்டம். 1976ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதே 1976லதான் அழியும் நிலையில இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல இந்தியா சேர்ந்தது. 1986ல சட்டத்தைத் திருத்தி, பட்டியல்ல இருக்கிற விலங்குகள்லேர்ந்து செஞ்ச பொருட்களோட உள்நாட்டு வியாபாரத்தையும் மூடினாங்க. கடையில இருக்கிற சரக்கை 30 நாளுக்குள்ள கணக்குக் காட்டணும்னு அந்தத் திருத்தத்துலயே இருக்கு.

இந்தத் தடை சரியா? என்னைக் கேட்டா, சரிதான். லட்சக்கணக்குல தோல் போயிட்டு இருந்த வேகத்தை எந்தக் காடும் வயலும் தாங்காது. ஆனா ஒரு தடை விழுந்தா அது யார் தலையில விழுதுன்னு பார்க்கணும் இல்லையா?

வியாபாரிக்கு வழி இருந்தது

முதல்ல வியாபாரி பக்கம். அவர்கிட்ட குடோன் இருக்கு, பதனிடத் தெரியும், வெளிநாட்டு பையரோட முகவரி இருக்கு. பாம்பு போச்சுன்னா ஆட்டுத்தோலுக்கு மாறலாம். வாங்குறவங்களுக்கும் பாம்பு டிசைன் மேல ஆசை விடல. அதுக்கும் வழி வந்தது: செதில் வடிவம் செதுக்கின தகடை சூடு பண்ணி, ஆட்டுத்தோல் மேலயோ மாட்டுத்தோல் மேலயோ வச்சு அழுத்திடறது. இதைத்தான் மாமா 'பிரிண்ட்'னு சொன்னார். இன்னிக்கு நீங்க கடையில பார்க்கிற ஸ்நேக் பிரிண்ட் செருப்பு பெரும்பாலும் இந்த வகைதான். தடவிப் பாருங்க. எதிர்ப்பக்கமா ஓட்டினா செதில் தூக்காது. ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். நிஜப் பாம்புல செதில் நடு முதுகுல ஒரு அளவு, வயித்துப் பக்கம் போகப் போக வேற அளவு.

தோல் பகுதிக்கு இப்படி வளைஞ்சு கொடுக்கிறது புதுசும் இல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னுச்சு. பாலாத்தைக் கெடுத்ததுக்காக தோல் தொழிற்சாலை ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீரை சுத்திகரிக்காம தொழிற்சாலை ஓடக்கூடாதுன்னு உத்தரவு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல சேர முடிஞ்ச முதலாளி தாங்கிட்டார். சின்னவர் தடுமாறினார். தினக்கூலி ஆளுக்கு யூனிட் மூடின நாள் எல்லாம் சம்பளம் இல்லாத நாள்.

அந்தத் தீர்ப்பும் தேவையான தீர்ப்புதான். ஆனா விதி மாறும்போது பாரம் எப்பவுமே கீழ் நோக்கித்தான் உருளுது.

வேட்டைக்காரருக்கு?

இருளருக்கு குடோன் இல்ல, முகவரி இல்ல, நிலமும் பெரும்பாலும் இல்ல. இருந்தது ஒரே ஒரு திறமை. ஒரே நாள்ல அது குற்றமாயிடுச்சு.

சட்டத்துல பழங்குடிகளுக்கு விலக்கு இல்லையான்னு நீங்க கேட்கலாம். ஒண்ணு இருக்கு. 65ஆவது பிரிவு நிக்கோபார் தீவுகளோட பழங்குடிகளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த வேட்டை உரிமையைப் பாதுகாக்குது. மெயின்லேண்ட்ல இருக்கிறவங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. 2006ல வன உரிமைச் சட்டம் வந்தப்போ நிலம், தேன், மூங்கில்னு பல உரிமைகளைக் கொடுத்தது. வேட்டையாடுற உரிமையை மட்டும் அந்தச் சட்டமே வெளிப்படையா விலக்கி வச்சிருக்கு.

இதை வெளிநாட்டோட ஒப்பிட்டுப் பார்த்தா சுவாரஸ்யமா இருக்கு. கனடாவுல கேரிபூன்னு ஒரு மான் வகை. ஜார்ஜ் நதி மந்தைல 1990கள்ல 7 லட்சத்துக்கு மேல இருந்தது, 2018ல சுமார் 5,500 ஆயிடுச்சு. பக்கத்து மந்தையும் குறைஞ்சுட்டே வந்ததால, கியூபெக் மாகாணம் 2018 பிப்ரவரிலேர்ந்து பொழுதுபோக்கு வேட்டையை நிறுத்திடுச்சு. அடி வாங்கினது வெளியூர் வேட்டைக்காரங்களுக்கு முகாம், விமானம், வழிகாட்டி எல்லாம் ஏற்பாடு பண்ற தொழில்காரங்க. அங்கேயே பூர்வகுடி மக்கள் சாப்பாட்டுக்காக வேட்டையாடுற உரிமை தொடர்ந்தது.

இங்க நடந்தது இதுக்கு நேர் எதிர். நடுவுல இருந்த வியாபாரி மாறிக்கிட்டார். பூர்வகுடிக்குத்தான் கதவு மூடிச்சு.

மூடின கதவுக்கு வெளியில என்ன இருந்ததுன்னு சொன்னாத்தான் இதோட கனம் புரியும். அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டுற இடம். முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாம குடும்பத்தோட அங்கேயே சிக்கிக்கிறது. இது பழைய கதை இல்ல. 2019 ஜூலைல காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்கள்ல மரம் வெட்டுற இடங்கள்லேர்ந்து 42 பேரை கொத்தடிமை நிலையிலேர்ந்து அதிகாரிகள் மீட்டாங்க. இருளர் குடும்பங்கள். மீட்க வந்த அதிகாரி கால்ல ஒரு முதியவர் விழுற படம் அப்போ நாடு முழுக்க பரவிச்சு. பாம்புத்தோல் தடைதான் இதுக்குக் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா கைத்தொழில் போன, நிலமில்லாத ஒருத்தருக்கு நம்ம ஊர்ல மிச்சம் இருக்கிற இடம் எதுன்னு அந்தப் படம் காட்டுது.

தோலுக்குப் பதிலா விஷம்

ஒரு நல்ல திருப்பமும் இருக்கு. 1978ல இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாச்சு. விட்டேக்கர் அதுக்குப் பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தர். கிழக்குக் கடற்கரைச் சாலையில வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள இருக்கு, நீங்களும் போய்ப் பார்க்கலாம்.

யோசனை எளிமையானது. பாம்பைக் கொன்னா ஒரு தோல்தான். உயிரோட வச்சிருந்தா விஷம் கிடைக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலு வகையைப் பிடிச்சுட்டு வருவாங்க. மண்பானையில வச்சு, சில வார இடைவெளிக்குள்ள சில தடவை மட்டும் விஷம் எடுப்பாங்க. அப்புறம் வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி கிடைச்சா, உடனே எடுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சுடும்.

அந்த விஷத்தைப் பொடியாக்கி மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறாங்க. அதுலேர்ந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகுது. 2000லேர்ந்து 2019 வரை இந்தியாவுல பாம்புக்கடியில இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஒரு ஆய்வு கணக்கிட்டிருக்கு. வருஷத்துக்குச் சராசரியா 58,000. நாட்டுக்குத் தேவையான விஷத்துல பெரும்பங்கு இந்த ஒரு சங்கத்துலேர்ந்து போகுது.

2017ல இந்தச் சங்கத்தோட மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும் மலைப்பாம்பு தொல்லைக்காக அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டாங்க. முதல் எட்டு நாள்ல 13 மலைப்பாம்பு பிடிச்சாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. ஒரு காலத்துல குற்றமான அதே திறமைக்கு!

விதி மறுபடி மாறுது

சந்தோஷமா இங்கேயே முடிச்சிடலாம். ஆனா முடியல.

2022ல வனவிலங்குச் சட்டத்தை மறுபடி திருத்தினாங்க. 2023 ஏப்ரல் 1லேர்ந்து அது அமல். அட்டவணைகளை மாத்தி அமைச்சதுல, சாரைப்பாம்பு, நல்லபாம்பு, கண்ணாடிவிரியன் எல்லாம் முதல் அட்டவணைக்குப் போயிடுச்சு. புலி, யானை இருக்கிற அட்டவணை அது. முதல் அட்டவணை விலங்கைப் பிடிக்க மாநில அனுமதி மட்டும் போதாது, மத்திய அரசோட முன் அனுமதியும் வேணும்.

பாம்புக்கு இது நல்ல செய்தி. ஆனா சங்கத்து உறுப்பினருக்கு இதோட அர்த்தம் வேற. எந்த வகையில எத்தனை பாம்பு பிடிக்கலாம்கிறது அனுமதிக் கடிதத்துலதான் இருக்கு. கடிதம் ஒரு சீசன் தாமதமானா அந்த சீசன் வருமானம் அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தள்ளி யோசிச்சா, அது ஏதோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில மருந்து அலமாரி வரைக்கும் போகும்.

1976ல தடை, 1978ல சங்கம். விஷம் எடுக்கிற வேலை ஆரம்பிச்சது 1982ல. நடுவுல ஆறு வருஷம். கையில திறமையும் வயித்துல பசியும் இருந்த அந்த ஆறு வருஷத்துக்கு எந்த விதியிலயும் இடம் இல்ல. விலங்கைக் காப்பாத்துற விதி எழுதும்போது, அதே பக்கத்துல அந்த ஆறு வருஷத்துக்கும் ஒரு வரி எழுதணும்னு எனக்குத் தோணுது. தடை போடுற தேதியும் மாற்று வேலை ஆரம்பிக்கிற தேதியும் ஒண்ணா இருந்தா போதும்.

பர்ஸ் என்ன ஆச்சு?

விற்க முடியாது, அது தெளிவு. ஆன்லைன்ல 'விண்டேஜ்'னு போட்டாலும் குற்றம்தான். 2003ல, வீட்டுல இருக்கிற இந்த மாதிரிப் பொருட்களை 180 நாளுக்குள்ள அறிவிச்சா பதிவு பண்ணிக்கலாம்னு அரசு ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. ஆம்பூர்ல ஒரு பாட்டிக்கு அது எங்க தெரிஞ்சிருக்கப் போகுது! வாரிசா வந்த பொருளை 90 நாளுக்குள்ள வனத்துறைகிட்ட அறிவிக்கணும்னும் சட்டம் சொல்லுது. பாட்டி போய் இன்னியோட 61 நாள்.

அம்மாவுக்கு மனசு வரல. "அவங்க அப்பா வாங்கித் தந்ததுடா"ங்கிறாங்க. "பேசாம பீரோலயே இருக்கட்டும்"னு மாமாவும் சொல்றார். ஆனா அடுத்த வாரம் நானும் அம்மாவும் வன அலுவலகத்துக்குப் போறதா முடிவு. பர்ஸ் திரும்பி வீட்டுக்கு வருமா, அங்கேயே இருந்துடுமான்னு தெரியாது.

அதுக்கு முன்னாடி நேத்து ராத்திரி ஒரு தடவை திறந்து பார்த்தேன். உள்ள ஒரு பழைய அஞ்சு பைசா இருந்தது. அதை அம்மா எடுத்து வச்சுக்கிட்டாங்க. அதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்ல.

உங்க வீட்டு பீரோலயும் இப்படி ஏதாவது இருக்கலாம். பாட்டி இருக்கும்போதே கேட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.